அகரத்து வைத்தியம்

“முசல்லாவுலதான் சாஞ்சான். மஃரிப் தொழுது, சலாம் குடுத்துட்டு, அப்பிடியே சாஞ்சுட்டான். நீ அடுப்படியில இருந்த. சத்தம் கேட்டு ஓடியாந்து பாத்த. அம்புட்டுத்தான். அதுக்கு மேல உனக்கு ஒண்ணும் தெரியாது.”

தொங்கவிட்ட போர்வைக்கு அந்தப் பக்கம் நின்று நூர் அகமது இதைச் சொல்வது மூன்றாவது முறை. விடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இந்தப் பக்கம் ஜெய்தூன் பீவி கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். நூர் அகமதுவின் மனைவி காதர் பீவி அந்தக் கையில் சோப்பு நுரையைத் தடவிக் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். இனி நாலு மாதம் பத்து நாள் ஜெய்தூன் இத்தா இருக்க வேண்டும். வெள்ளைத் துணி, ஒரே அறை. அந்நிய ஆணின் முகம் பார்க்கக் கூடாது, அவள் குரல்கூட அந்தப் போர்வையைத் தாண்டக் கூடாது. கணவனுடைய அண்ணன் நூர் அகமதுவும் அந்நிய ஆண் கணக்கில்தான் சேர்த்தி.

“வெளங்குச்சா ஜெய்தூனு?”

“வெளங்குதுன்னு சொல்லுங்கக்கா” என்று காதர் பீவியிடம் முணுமுணுத்தாள்.

விளங்கத்தான் செய்தது. அவள் கணவர் அப்துல் ஜப்பார் முசல்லாவில், அந்தத் தொழுகை விரிப்பில், சாயவில்லை. அகரத்தில், டூரிங் கொட்டகையில், ஆண்கள் பக்கத்து மணலில் சாய்ந்தார். பாதிப் படத்தில்.

நூர் அகமதுவைக் கெட்டவர் என்று சொன்னால் பாவம் வரும். அத்தா இல்லாத தம்பியை வளர்த்து, தோல் மண்டியில் வேலைக்குச் சேர்த்து, கல்யாணம் முடித்து, பொது முற்றம் வைத்த வீட்டில் பாதியைப் பிரித்துக் கொடுத்தவர். பள்ளிவாசல் கமிட்டியில் இருக்கிறார். போன வருஷம் ஜும்மா முடிந்து எழுந்து நின்று, நம் வீட்டுப் பிள்ளைகள் கொட்டகை கொட்டகையாகப் போய்க் கெட்டுக் குட்டிச்சுவராகிறார்கள் என்று பேசி, இரண்டு பையன்களைப் பெயர் சொல்லியே திட்டினார். இப்போது அவர் தம்பி கொட்டகையில் மவுத்தானார் என்றால் அந்த மனுஷன் எந்த முகத்தோடு முன்வரிசையில் போய் நிற்பார்? ஆனால் அது மட்டுமில்லை. ராத்திரி வண்டியிலிருந்து தம்பியை இறக்கும்போது அவர் அழுதுகொண்டே சொன்னது ஜெய்தூனுக்குக் கேட்டது. “எந்தம்பிய மணல்ல கெடந்து செத்தவன்னு எவனும் சொல்லக் கூடாது.”

எல்லாம் அந்த ஒரு மாத லீவில் வந்த வினை.

முப்பது வருஷமாக அப்துல் ஜப்பார் லீவு போட்டதில்லை. அய்யலூர்ச் சந்தை முடிந்து வரும் ஆட்டுத்தோல்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, இது முதல் ரகம், இது இரண்டாம் ரகம், இது கழிவு என்று பிரித்துப் போடுவது அவர் வேலை. உப்பும் தோலும் கலந்த வாடை அவருடைய தலையணையில்கூட இருக்கும். போன மாதம் மண்டிப் படியில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு மாதம் முழு ரெஸ்ட் என்று எழுதிக் கொடுத்தார்.

ரெஸ்ட் என்றால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். மூன்றாம் நாள் ஜெய்தூனிடம் கீரையை வாங்கி ஆய்கிறேன் என்று தண்டையும் இலையையும் கலந்து வைத்தார். நாலாம் நாள் நூலகத்துக்குப் போய் ஒரு நாடகப் புத்தகத்தோடு வந்தார். கதைப் புத்தகம் கிடைக்கவில்லையா என்று கேட்டதற்கு, “கதைன்னா ஒருத்தனே பேசிக்கிட்டுக் கெடப்பான். இதுல எல்லாரும் பேசுறாக புள்ள” என்றார்.

அவர் படிக்கப் படிக்க அவள் வெங்காயம் உரிப்பாள். ராஜா பேசும்போது குரலைக் கனக்கவைத்து நன்றாகவே படித்தார். ராணி வந்ததும்தான் வம்பு. ஆட்டுக்குட்டி கத்துவதுபோல இருந்தது. ஜெய்தூன் சிரித்துவிட்டாள். “அப்ப நீயே சொல்லு” என்று ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தார். அவளுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் சின்ன வயதில் சூறாக்களை மனப்பாடம் செய்த தலை அது, ஒரு தடவை கேட்டால் போதும். ஐந்தாம் நாள் கரண்டியும் கையுமாக அடுப்படி வாசலில் நின்று, “மன்னா, என்னைச் சிறையில் அடையுங்கள், என் சொல்லை அடைக்க முடியாது” என்று அவள் சொன்னபோது, முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த காதர் பீவி சண்டை என்று நினைத்து ஓடி வந்தாள். என்னம்மா என்றதற்கு, ஒன்றுமில்லை அக்கா, பால் பொங்கிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாள் ராணி.

ஒரு மாதத்தில் நாலு நாடகம் முடித்தார்கள். ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பின்னால் நின்று ஒரு நாடகம் பார்த்தார்கள். முதல் வாரம் முடிவதற்குள்ளேயே அவருக்குச் சினிமா ஆசையும் வந்துவிட்டது. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவளை ஒரு படத்துக்கும் கூட்டிப்போனதில்லை. டவுனில் போனால் பத்தடிக்கு ஒரு தெரிந்த முகம். அகரத்தில் கொட்டகை போட்டிருக்கிறார்கள், வயக்காட்டு ஜனங்கள்தான் வருவார்கள், நம்மை எவருக்கும் தெரியாது என்றார். நெஞ்சுவலிக்கு அகரத்தில் ஒரு வைத்தியர் இருக்கிறார், சாயங்காலம்தான் மருந்து கொடுப்பார் என்று அண்ணனிடம் சொன்னார். நூர் அகமது நம்பினார். நம்பாமல் என்ன செய்வார், தம்பி முகத்தில்தான் நாளுக்கு நாள் தெளிச்சி வந்துகொண்டிருந்ததே. “அகரத்து வைத்தியம் நல்லாக் கேக்குதே” என்று காதர் பீவிகூடச் சொன்னாள்.

மூன்று வியாழக்கிழமை போனார்கள். கொட்டகைக்கு நடுவில் இடுப்பு உயரத்துக்கு மண்சுவர். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். படம் முடிந்ததும் சோடாக் கடைக்குப் பக்கத்தில் அவள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நிற்பாள், அவர் தேடி வருவார். நாலாவது வியாழன் நேற்று. “இதோட சரி. சனிக்கெழமை மண்டிக்குப் போகணும்” என்று பஸ்ஸில் வரும்போது சொன்னார்.

படம் விட்டுக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகும் அவர் வரவில்லை. சோடாக் கடைக்காரன் விளக்கை இறக்கும்போது, உள்ளேயிருந்து ஒரு ஆள் வந்து, துப்பட்டி போட்ட அம்மா யாரு என்று கேட்டார். கருப்புசாமி என்று பெயர். மார்க்கெட்டுக்குத் தக்காளிக் கூடை ஏற்றிய மாட்டுவண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு, முதல் ஆட்டம் பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கமாம். கூடைகளை ஒதுக்கி இடம் செய்து அவர்தான் கொண்டுவந்து சேர்த்தார். வழியில் அவர் அதிகம் பேசவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்.

“காமிக் சீன் ஓடிக்கிட்டு இருந்துச்சும்மா. அப்பத்தான் சாஞ்சாக. அசந்து தூங்குறாகன்னு நெனச்சுப்புட்டோம். இல்லாட்டி அப்பவே தூக்கியிருப்போம்.”

அந்தக் கட்டத்தில் ஜெய்தூன் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்தாமல், பக்கத்துப் பெண் திரும்பிப் பார்க்கும்படி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவர் உயிர் போய்க்கொண்டிருந்த நேரத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் அவள் சிரித்தாள். அப்புறம் ஒரு மணி நேரம் மிச்சப் படத்தையும் ஒழுங்காகப் பார்த்தாள். வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதது அதற்குத்தான்.

அதனால்தான் நூர் அகமது முசல்லாவைச் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. முசல்லாக் கதையில் அவள் அடுப்படியில் இருந்தாள். அதில் அவள் சிரிக்கவில்லை. அது ஒரு ஆறுதலாகக்கூட இருந்தது.

எட்டு மணிக்குமேல் பெண்கள் வரத் தொடங்கினார்கள். வியாழன் பொழுது சாய்ந்தாலே வெள்ளிக்கிழமை ராத்திரிக் கணக்கு; வெள்ளி ராத்திரி மவுத்து என்றாலே ஒரு சிறப்பு, அதுவும் தொழுத இடத்திலேயே என்றதும் அழ வந்தவர்கள்கூடப் பொறாமைப்பட்டார்கள்.

“குடுத்து வச்ச மனுசன். நம்மளுக்கெல்லாம் வருமா இப்பிடி ஒரு மவுத்து?”

“சஜ்தாவுல நெத்திய வச்சபடியா போச்சு?”

“சலாம் குடுத்துத் தொழுகைய முடிச்சுட்டாராம்ல” என்றாள் காதர் பீவி.

“நீ எங்க இருந்த ஜெய்தூனு?”

“அடுப்படியில” என்றாள் ஜெய்தூன். முதல் தடவை சொல்லக் கஷ்டமாக இருந்தது. நாலாம் தடவை தானாக வந்தது.

கதை வாய் மாற மாற வளர்ந்தது. ஒன்பது மணிக்கு அவர் சலாம் கொடுத்துவிட்டுக் கையேந்திக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு அவர் கலிமா சொன்னதைப் பக்கத்து வீட்டில் யாரோ கேட்டிருந்தார்கள். பதினொரு மணிக்குள் அப்துல் ஜப்பார் கையில் ஒரு தஸ்பீஹ் மணியும் வந்து சேர்ந்துவிட்டது. ஜெய்தூன் குனிந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பெரிய மனுஷனைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது. ராஜா வேஷத்துக்குத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, முகம் பார்க்கும் கண்ணாடியில் மீசையைத் தடவிய மனுஷனைப் பற்றி யாரும் பேசவில்லை.

மையத்தைக் குளிப்பாட்டி முடித்தபோது மகள் தாஹிரா ஒட்டன்சத்திரத்திலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டாள். அத்தா முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவள் அம்மா மடியில் விழுந்தாள். அழுது அழுது குரல் போன பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

“அத்தா கடைசியா என்னம்மா சொன்னாக?”

ஜெய்தூன் காதர் பீவியைப் பார்த்தாள். காதர் பீவி வேறு பக்கம் பார்த்தாள்.

“ஒண்ணும் சொல்லலத்தா. நான் அடுப்படியில இருந்தேன்.”

“ஒரு வாய்த் தண்ணி?”

“நான் வாரதுக்குள்ள...”

“அப்ப யாருமே கூட இல்லியா? இத்தன பேரு இருக்கிற வீட்ல எங்கத்தா ஒத்தையிலயா போனாக?”

தாஹிரா குறை சொல்லவில்லை, கேட்கத்தான் கேட்டாள். ஆனால் அது ஜெய்தூனின் நெஞ்சில் போய் நின்றது. அதுவரை அவள் அப்படி நினைத்துப் பார்க்கவில்லை. முசல்லாக் கதை அவளுடைய சிரிப்பை மட்டும் மறைக்கவில்லை. அவளையே அழித்துவிட்டது. இனி எத்தனை வருஷமானாலும் அவர் தனியாக மவுத்தானார், அவள் அடுப்படியில் இருந்தாள். அவ்வளவுதான் மிஞ்சும். பக்கத்தில் இருந்தேன், ஒரு சுவர்தான் நடுவில் என்று அவளால் ஒருத்தரிடமும் சொல்ல முடியாது. இருபத்தாறு வருஷத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து இருந்தது இந்த ஒரு மாதம்தான், அதையும் அவருடைய கபன் துணியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜும்மாவுக்கு முன்னால் பள்ளிவாசலில் மையத்து இருக்க வேண்டும் என்று பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத் அவசரப்படுத்தினார். மையத்தைக் கிடத்திய சந்தூக்கை முற்றத்தில் வைத்தார்கள். பெண்கள் கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்க ஆண்கள் வாசலுக்கு ஒதுங்கிக்கொண்டார்கள். ஜெய்தூனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காட்டினார்கள். பஞ்சு வைத்த முகம், நேற்று சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முகமாகத் தெரியவில்லை. அவளைத் திரும்பவும் போர்வைக்குள் உட்காரவைத்தார்கள். ஆண்கள் உள்ளே வந்து தூக்கத் தயாரானபோது வாசலில் ஒரு புதுக் குரல் கேட்டது.

“ஏங்க, நேத்து ராத்திரி தவறிப்போன பாய் வீடு இதுதானுங்களே? இருட்டுல வந்ததால ஒரு சந்தேகம்.”

ஜெய்தூனுக்குக் குரல் உடனே தெரிந்தது. காதர் பீவிக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவள் முதுகு நிமிர்ந்தது.

“ஆமா, என்ன வேணும்?” என்றார் நூர் அகமது. ராத்திரி தம்பியின் கால்பக்கத்தைப் பிடித்து இறக்கிய ஆளிடம் அவர் அப்படிக் கேட்டார்.

“மார்க்கெட் முடிஞ்சு திரும்பி ஊருக்குப் போயி, மறுபடி வாரேனுங்க. அவுக செருப்பு அங்கனயே கெடந்துச்சு. குடுத்துட்டு, ஒரு எட்டு முகத்தையும் பாத்துட்டுப் போகலாம்னு.”

யாரோ ஒருவர், “எங்கன கெடந்துச்சு?” என்று கேட்டார்.

“ஆள் தெரியாம வந்துட்டீரு” என்றார் நூர் அகமது அவசரமாக. “எந்தம்பி வீட்லதான் மவுத்தானான். தொழுத எடத்துல. நீரு சொல்றது வேற யாரோ.”

பாவம், கருப்புசாமிக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். படிக்காத ஆள் என்றாலும் பத்து வீட்டுப் படியேறிக் காய் கொடுத்த ஆள்.

“அப்பிடிங்களா. அப்ப வேற ஆளாத்தான் இருக்கும். தப்பா எடுத்துக்கிறாதீக. நான் வாரேன்.”

அவர் திரும்பும் சத்தம் கேட்டது. ஜெய்தூன் வாயைத் திறப்பதற்குள் காதர் பீவியின் கை வந்து அதைப் பொத்தியது. ஜெய்தூன் அந்தக் கையைப் பிடித்து, பலவந்தமாக இல்லை, மெதுவாகத்தான், விலக்கிக் கீழே வைத்தாள்.

“அண்ணே, போகாதீக.”

இத்தா இருக்கிற பெண்ணின் குரல் போர்வையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, வாசல்வரை போனது. அத்தனை ஆண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“அது அவுக செருப்புத்தான். அகரத்துக் கொட்டகையில விட்டுட்டு வந்தது. அங்கதான் மவுத்தானாக. நானும் கூட இருந்தேன்.”

முற்றத்தில் ஒரு ஆள் இருமினார். தாஹிரா அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாய் பிளந்து பார்த்தாள். இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்று ஜெய்தூன் மிச்சத்தையும் சொன்னாள்.

“எனக்குத் தெரியல. அவுக சாஞ்சது தெரியல. நான் இந்தப் பக்கம் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்.”

அவள் அழவில்லை. அழுதால் பேச முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஹஜ்ரத்தான் முதலில் வாய் திறந்தார். வயதானவர், எதற்கும் குரலை உயர்த்தாதவர். “மவுத்து எந்த எடத்துலன்னு அல்லா முடிவு பண்றான், நாம பண்ண முடியாது. நேரமாகுது நூர் அகமது.”

கருப்புசாமிதான் பேசினார். யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் சந்தூக்கைப் பார்த்தே பேசியிருப்பார்போல, குரல் கீழ்நோக்கி இருந்தது.

“அம்மா, ராத்திரி வண்டியில நீங்க அழுத அழுகைக்கு இதைச் சொல்ல வாய் வரல. நான் அவுகளுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். ரீல் மாத்துற ரெண்டாவது இடைவேளையில கடலை வாங்கி எனக்கும் குடுத்தாக. அப்பறம் அந்தக் காமிக் வந்துச்சு. எல்லாருந்தான் சிரிச்சோம். சிரிச்சு ஓஞ்ச பெறகும் பொம்பளைக பக்கம் ஒரு சிரிப்பு மட்டும் ஓயவே இல்ல. ‘எவடா இவ’ன்னு ஒருத்தன் கேட்டான். இவுக என் தொடையில தட்டி, ‘அது எங்க வீட்டு ஆளுய்யா. இருவத்தாறு வருசமா வாயப் பொத்திக்கிட்டே சிரிச்சவ, இன்னைக்குத்தான் தொறந்து சிரிக்கிறா’ன்னாக. படத்தைப் பாக்கல. சொவத்துப் பக்கமாத் திரும்பிக் கேட்டுக்கிட்டே இருந்தாக. அப்பிடியே எம்மேல சாஞ்சாக, தூங்குறாகன்னு மணல்ல படுக்க வச்சேன். வேற ஒண்ணும் சொல்லல.”

ஜெய்தூன் கேட்டுக்கொண்டிருந்தாள். தாஹிரா அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். காதர் பீவி வளையல்களைக் கழற்றி வைத்திருந்த கிண்ணத்தைச் சும்மா ஒரு இடத்திலிருந்து எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தாள்.

“தூக்குங்க” என்றார் ஹஜ்ரத்.

போர்வைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. குனிந்து உட்கார்ந்திருந்த ஜெய்தூனுக்கு அதன் வழியாகக் கால்கள் தெரிந்தன. தொழுகைக்கு ஒளு செய்து ஈரம் காயாத கால்கள். சந்தூக்கின் நாலு மரக்கால்களும் தரையை விட்டு எழுந்தன. கலிமா சொல்லிக்கொண்டு எல்லாக் கால்களும் வாசலை நோக்கி நகர்ந்தன. படிக்கு இந்தப் பக்கம் ஒரு ஜோடிக் கால் மட்டும் தயங்கி நின்றது. வெடித்த குதிகால், வயல் சேறு காய்ந்து சாம்பல் நிறமாகிக் கிடந்தது.

படியிறங்கிய கால்களில் ஒரு ஜோடி திரும்பி வந்து அதன் பக்கத்தில் நின்றது. கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது, நூர் அகமதுவின் கால். என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்கவில்லை. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து படியிறங்கிப் போனார்கள்.